துக்கத்துக்கு உரிய காலம்

1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் தேதி, கனடாவிலிருந்து இலண்டன் வழியாகத் தில்லிக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா நிறுவனத்தின் 182ஆம் இலக்க விமானம், அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் வெடிகுண்டினால் சிதறி அட்லாண்டிக் சமுத்திரத்தில் வீழ்ந்தபோது, அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கனடாப் பிரஜைகள். பள்ளி விடுமுறைக்குப் பாட்டன் பாட்டியைக் காணப் புறப்பட்ட குழந்தைகளும், அவர்களை அழைத்துச் சென்ற தாய்மாரும் அவர்களுள் பலர். ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வேலையின் பொருட்டுப் பின்தங்கிய தந்தையர் சிலர், ஒரே காலைப் பொழுதில் மனைவியையும் மக்களையும் ஒருங்கே இழந்தவராயினர். கடல் திருப்பித் தந்த சடலங்கள் 131 மட்டுமே. எஞ்சியோரின் உறவினர்கள், கொள்ளி வைக்க உடலுமின்றி, கரைக்க அஸ்தியுமின்றி, அயர்லாந்துக் கரையில் நின்று அலையை நோக்கிவிட்டுத் திரும்பினார்கள். அயர்லாந்தின் அஹகிஸ்டா என்னும் கடலோரச் சிற்றூரில் மறு ஆண்டே ஒரு நினைவிடம் எழுந்தது. ரொறன்ரோவில், ஹம்பர் வளைகுடாப் பூங்காவில், ஒன்ராறியோ ஏரியை நோக்கியபடி ஒரு நினைவுச் சுவர் எழுவதற்கு 2007ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்படுகொலைக்குச் சில ஆண்டுகள் முன்வரை ரொறன்ரோவில் வாழ்ந்தவரான எழுத்தாளர் பாரதி முகர்ஜி, கணவர் கிளார்க் பிளேய்சுடன் சேர்ந்து அதைப்பற்றி ஒரு நூலை 1987இல் எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த தம் சிறுகதைத் தொகுதியில், துக்கத்தை நிர்வகித்தல் என்று பொருள்படும் தலைப்போடு ஒரு கதையும் சேர்த்தார். கணவனையும் இரு புதல்வரையும் இழந்த ரொறன்ரோப் பெண் ஒருத்தியிடம் மாகாண அரசின் சமூக சேவகி ஒருத்தி வருகிறாள். அவள் கெட்டவள் அல்லள். மனமாரவே உதவ வந்தவள். ஆயினும் அவள் கையில் ஒரு பாடநூல் இருக்கிறது. துக்கப்படுவோர் இன்ன இன்ன படிகளை இன்ன வரிசையிற் கடந்து ஏறவேண்டும் என்று அந்நூல் விதித்திருக்கிறது. அழாமல் இருப்பவளை அவள் திடசித்தம் உடையவள் என்று மெச்சுகிறாள், அழுது அரற்றுபவரைப் பின்தங்கியவர் என்று கணக்கிடுகிறாள். இரு பிள்ளைகளை இழந்த முதிய சீக்கியத் தம்பதியர், உதவிப் பணத்துக்கான காகிதங்களிற் கையொப்பமிட மறுக்கின்றனர். ஒப்பமிட்டால் மக்கள் இறந்ததைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பது அவர்கள் வாதம். அந்த மறுப்பு சேவகிக்கு மூடத்தனமாகத் தோன்றுகிறது; கதாநாயகிக்கோ அது பெற்றோரின் தர்மமாகத் தெரிகிறது. பின்னொருநாள் இந்தியாவில் ஒரு கோயிலில், இறந்த கணவன் அவள்முன் தோன்றி, இருவருமாகத் தொடங்கியதை நீயே முடித்துவை என்று சொல்லிப் போகிறான். பாடநூலில் இதற்கு இடமில்லை.

யாருடைய காலக்கணக்கால், யாருடைய அளவுகோலால், ஒருவரது துக்கம் அளக்கப்படவேண்டும் என்று அந்தக் கதை எழுப்பிய வினா, இலங்கையில் 1983ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பின்னர் இந்நகரை நிறைத்த ஈழத்தமிழ்ச் சமூகத்தின் வினாவாகவும் இன்றுவரை இருந்துவருகிறது. அதற்கு விடை தேடுமுன், அந்தப் பாடநூல் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

துக்கத்தைப் பற்றிய நவீன மனோசாஸ்திரம் சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். இறந்தவரிடம் ஊன்றிய பற்றை மனம் சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு, வேறொன்றின்மீது அதை வைக்கத் தகுதி பெறுவதே துக்கத்தின் தொழில் என்று அவர் கருதினார். ஆனால் 1920இல் தம் மகள் சோஃபியை இழந்த பிராய்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுகொண்டும் நிரப்ப முடியாது, நிரம்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே நியாயம் என்னும் கருத்தைத் தெரிவித்தார். தகப்பன் கண்டதை ஆசிரியர் தம் சித்தாந்தத்திற் சேர்க்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்களும் சித்தாந்தத்தையே பற்றிக்கொண்டனர். பாஸ்டன் நகரில் 1942இல் 492 பேரைப் பலிகொண்ட கேளிக்கை விடுதித் தீ விபத்தில் தப்பியோரையும் உற்றாரை இழந்த பிறரையும் ஆராய்ந்த எரிக் லிண்டெமன், தொண்டை அடைப்பு, ஓயாத பெருமூச்சு, அலை அலையாக வரும் தளர்ச்சி எனத் துக்கத்தின் தேக லட்சணங்களை முதன்முதலாக ஒழுங்குற எழுதி 1944இல் வெளியிட்டவர். தக்க துணையிருந்தால் சிக்கலில்லாத துக்கம் நான்கு முதல் ஆறு வாரங்களிற் சமனாகிவிடும் என்று அவர் நம்பினார். இன்றைய ஆய்வாளர் எவரும் அவ்வளவு குறுகிய காலத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து படிகளை உலகறியச் செய்தவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ். 1969இல் வெளிவந்த அவர் நூல், தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதப்பட்டது. பிறரை இழந்தோரைப் பற்றியதன்று. சாகப்போகிறவரின் மனநிலைக்குச் சொன்ன வருணனை, இருக்கப்போகிறவருக்கு விதியாக மாறியது இந்தத் துறையின் பெரிய விபரீதங்களுள் ஒன்று. துக்கப்படுவோர் பலர் இந்தப் படிகளை இந்த வரிசையில் ஏறுவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியும், எனக்கு இன்னும் சினம் வரவில்லையே, நான் சரியாகத் துக்கப்படவில்லையோ என்று ஏங்குகிறவர்களை இன்றும் காண்கிறோம். துயரத்தின் மேல் ஒரு பரீட்சையையும் சுமத்திய கொடுமை இது.

காற்று திசை மாறியது 1990களில். டெனிஸ் கிளாஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட தொகுப்பு நூல், இறந்தவரை விட்டுவிடுதலே ஆரோக்கியம் என்ற கொள்கையை நேரே எதிர்த்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பிள்ளைகளோடு ஓர் உறவைப் பேணுகின்றனர். அது நோயன்று, வாழ்க்கையின் ஒரு பகுதி என்று அது காட்டியது. பிதிர்களுக்கு நீர்க்கடன் செய்து வந்த நம்மவர்க்கு இது புதுமையன்று. ஜப்பானிய வீடுகளின் மூதாதையர் வழிபாட்டைக் கண்டே கிளாஸும் இந்தத் திசையிற் பலவற்றைச் சிந்தித்தார். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்னும் இருவர் நெதர்லாந்திலிருந்து வேறொரு விளக்கம் தந்தனர். துக்கப்படுபவர் ஒரு வேளை இழப்பை நோக்கித் திரும்பி அழுகிறார். மறு வேளை அதைவிட்டு விலகி, வாடகை, சமையல், பிள்ளையின் பள்ளி என்று புது வாழ்வின் காரியங்களை நோக்குகிறார். இந்த இரண்டுக்குமிடையே போய் வருவதே ஆறுதலின் வழி. ஒன்றிலேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து. கட்டிலிலே கிடந்து அழுதுகொண்டேயிருப்பதும், மறுநாளே வேலைக்குப் போய் ஒரு துளியும் அழாதிருப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள் என்று இதிலிருந்து பெறப்படும்.

இந்த விளக்கத்தை மனத்திற்கொண்டு யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டை நோக்கினால், நாம் வெறும் சடங்கென்று ஒதுக்கியவற்றிற் பல புத்திசாலித்தனமான ஏற்பாடுகளாகத் தோன்றுகின்றன. முதல் நாள்களில் அழுகைக்கே முழு உரிமை. ஒப்பாரி சொல்லும் பெண்கள் துக்கத்துக்குச் சொல்லும் இராகமும் கொடுத்து, பேச்சற்று நிற்பவளையும் அழவைக்கின்றனர். கண்ணீர் வராதவளுக்குக் கண்ணீர் வரவழைப்பது அவர்களுடைய தொழிற்றிறம். சுண்ணம் இடித்து, கொள்ளி வைத்து, காடாத்தி முடிந்தபின், வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் அயலார் சோறு கொண்டுவருவர். எட்டுச் செலவில் இறந்தவர் விரும்பியுண்ட பதார்த்தங்களை எல்லாம் சமைத்துப் படைத்துச் சுற்றத்தார் கூடியுண்பர். அவர் எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்று அன்று பேச்சு எழும், இடையிடையே சிரிப்பும் எழும். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி; அன்றே வீட்டுக் கிருத்தியம்; துடக்குக் கழிகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் முப்பத்தோராம் நாள் வழிபாடு வழக்கத்தில் உண்டு. அழுகையிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து நினைவுக்கும், நினைவிலிருந்து உலக காரியத்துக்கும் மனத்தைப் போக்கி வரவழைக்கும் இந்த ஒழுங்கிலே, இழந்தவர் ஒருவர்கூட அடுத்து என்ன செய்வது என்று தாமே யோசிக்கவேண்டிய அவசியமில்லை. யோசிக்கும் சக்தியே அற்றுப்போன நாள்களில் அதனிலும் பெரிய உபகாரம் வேறென்ன?

இவையெல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்வது கல்வெட்டு என்று யாழ்ப்பாணத்தார் அழைக்கும் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாளன்று வந்தவர்க்கெல்லாம் கொடுக்கப்படும் அந்தப் புத்தகத்தில் இறந்தவரின் படமும், திதி வெண்பாவும், தேவார திருவாசகமும், வம்சாவளியும், வாழ்க்கை வரலாறும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் உயிர்நிலை புலம்பற் பாக்களில் இருக்கிறது: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று, ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனி வாய் கொடுக்கப்படும். அவற்றைக் கூலிக்குப் பாடிக்கொடுத்த ஊர்ப்புலவர்களின் கவித்துவத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் ஒரு மரணம் ஒரே இழப்பன்று, அது எத்தனை உறவோ அத்தனை இழப்பு என்னும் உண்மையை அச்சிலேற்றி வைத்த வேறொரு வழக்கம் உலகில் எத்தனை சமூகங்களுக்கு வாய்த்திருக்கும் என்று நான் வியப்பதுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இத்தகைய நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. ஊர்களின் சரித்திரத்தை எழுத வருங்காலத்தார் அவற்றை நாடுவர்.

முப்பத்தோராம் நாளோடு உறவு அறுந்துபோவதுமில்லை. ஆட்டைத் திவசம் வரும். தாயை இழந்தவர்க்குச் சித்திரா பௌர்ணமியும் தந்தையை இழந்தவர்க்கு ஆடி அமாவாசையும் ஆண்டுதோறும் வரும். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் தேடிச் சமைக்கும் வழக்கமுடைய வீடுகளில், எழுபது வயது மகனும் அன்றைக்கு ஒரு தகப்பனின் பிள்ளையாகிறான்.

இவற்றைச் சொல்லும்போது இந்த ஒழுங்கு சிலரை எவ்வளவு கொடூரமாகப் புறத்தே தள்ளியது என்பதை மறைப்பது அநியாயம். பொட்டழித்து, வெள்ளை உடுத்தி, மங்கல காரியங்களிலிருந்து விலக்கப்பட்ட கைம்பெண்ணுக்கு, ஆறுதலுக்கான அதே சம்ஸ்காரமே ஆயுள்தண்டனையும் ஆயிற்று. தற்கொலையால் நேர்ந்த சாவை மாரடைப்பு என்று சொல்லி மறைத்த குடும்பத்தில், தாய் உண்மையைச் சொல்லி அழவும் வழியற்றாள். மணமுறிந்த முன்னாள் மனைவி, ஊரறியாக் காதலி, ஆணை நேசித்த ஆண், பிறக்குமுன் இறந்த சிசுவின் தாய் என இவர்களுக்குக் கல்வெட்டில் ஒரு பக்கம் இல்லை. சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று 1989இல் கென்னத் டோகா வகுத்துக் காட்டியது இவர்களுடைய நிலையையே. இவர்களுக்கும் இடங்கொடுக்காத சடங்கை அப்படியே மீட்டுத் தரும்படி நான் வேண்டவில்லை.

இந்த ஒழுங்கு ரொறன்ரோவுக்கு வந்தபோது என்னவாயிற்று? உருவம் பெரும்பாலும் தப்பியது, காலம் தப்பவில்லை. உடல் வீட்டுக்கு வருவதில்லை. மரணச்சாலை மண்டபத்தில், குறித்த மணி முதல் குறித்த மணி வரை, பார்வைக்கு வைக்கப்படுகிறது. அடுத்த குடும்பம் வாயிலிற் காத்திருக்கையில் ஒப்பாரி தானாகவே சுருங்கிவிடுகிறது. தகனம் முடிந்து அஸ்தி ஒரு சிமிழிலே வருகிறது. ஒன்ராறியோ மாகாணம் தன் பொது நிலங்களிலும் அவற்றை மூடிய நீர்நிலைகளிலும் அஸ்தியைக் கரைக்க இடமளிப்பதால், கீரிமலைக்குப் போக இயலாதவர் இங்குள்ள ஏரியையே கீரிமலையாகக் கொள்கின்றனர். மரண அறிவித்தலை இணையத்திற் கண்டு இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் உடன்பிறந்தார் நேரலையிலே தகனத்தைக் காண்கின்றனர். 2020ஆம் ஆண்டின் வசந்தத்தில், தொற்றுக்காலக் கட்டுப்பாட்டினால் ஒன்ராறியோவிலே ஓர் இறுதிச்சடங்குக்குப் பத்துப் பேருக்குமேற் கூடலாகாது என்றிருந்தபோது, பெற்ற பிள்ளைகளுள்ளும் யார் உள்ளே போவது, யார் வண்டியிலிருந்து கைப்பேசித் திரையிற் பார்ப்பது என்று தெரிவுசெய்யவேண்டிய துர்ப்பாக்கியம் பல வீடுகளுக்கு நேர்ந்தது. அந்த நாள்களில் அழாமல் விட்ட அழுகை இன்னும் பலரிடம் மிச்சமிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வேலைத்தலத்துச் சட்டத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஒன்ராறியோவின் தொழில் நியமங்கள் சட்டம், நெருங்கிய உறவினர் இறந்தால் தொழிலாளிக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் இரண்டு நாள் விடுப்பை உறுதி செய்கிறது. அதற்கு ஊதியம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தையில் தாயும் கார்த்திகையில் தந்தையும் போனால், இருவருக்குமாகச் சேர்த்தே அந்த இரண்டு நாள். சட்டம் கூறும் உறவுகளில் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளை, பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தார் முதலியோர் உள்ளனர். தம் பராமரிப்பில் இருந்தாலன்றி, சித்தியும் பெரியப்பாவும் தாய்மாமனும் அதில் இல்லை. போர்க்காலத்திலே பெற்றோர் அங்கிருக்க, பிள்ளையைக் கொழும்பில் வைத்துப் படிப்பித்து விமானம் ஏற்றியவர் எத்தனையோ குடும்பங்களில் ஒரு மாமனோ சித்தியோதான். மத்திய அரசின் கீழுள்ள வங்கி, விமானசேவை போன்ற தொழில்களில் நிலைமை சற்று மேல்: கனடாத் தொழிற்சட்டம் பத்து நாள் வரை விடுப்பும் அதில் முதல் மூன்று நாளுக்கு ஊதியமும் தருகிறது. தொழிற்சாலை இரவு முறையிலும் உணவகச் சமையற்கட்டிலும் நிற்கும் நம்மவர் பலருக்கு மாகாணச் சட்டமே விதி. துடக்கு முப்பத்தொரு நாள் இருக்க, மூன்றாம் நாள் காலையில் அவர்கள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்கிறது. எட்டுச் செலவு ஒரு மாலைப்பொழுதில் முடிகிறது. போய் வருதலே துக்கத்தின் வழியென்றால், இங்கே போவதற்கு நேரமில்லை, வருதல் மாத்திரமே இருக்கிறது.

தூரத்திலிருந்து துக்கம் காத்தவர்களின் கதை இன்னும் கடியது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர் முதல், 2010இல் சன் சீ கப்பலில் வந்திறங்கிய 492 பேர் வரை, அகதியாக வந்த எவருக்கும் ஊரிற் பெற்றோர் இறந்தால் திரும்பிப் போவது இயலாத காரியம். ஒரு தொலைபேசி அழைப்பு; பிறகு வரவேற்பறையில் ஒரு படம், ஒரு விளக்கு. போர் மூண்டிருந்த காலத்தில் அந்த அழைப்பும் வாரங்கள் தாழ்த்தே வரும்; எட்டும் முப்பத்தொன்றும் கழிந்தபின்பே மரணம் தெரிந்த மகன் எந்த நாளிலிருந்து துடக்கைக் கணக்கிடுவான்? இப்படிக் காலத்தை இழந்த துக்கங்களை ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகள் எண்ணிக்கையின்றித் தாங்கி நிற்கின்றன. பிள்ளைகள் அழைப்பித்து வந்து, ஓராண்டு ஈராண்டில் கணவனை இழந்து, ஆங்கிலமும் அறியாமல், பனிக்காலம் முழுதும் சாளரத்தண்டை இருக்கும் முதிய தாயின் நிலை இவற்றுள் மிகவும் கவனிக்கப்படாதது. பகலில் அந்த வீட்டில் எவருமில்லை. அயலாரும் சோறு கொண்டுவருவதில்லை.

சடங்கு உடலை வேண்டுகிறது. உடலும் இல்லை, சாவின் நிச்சயமும் இல்லை என்றால் யாது செய்வது? வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு தனியொரு வகை என்றும், அதிற் சிக்கியவரைத் துக்கத்தை முடித்துக்கொள்ளும்படி நெருக்குவது பயனற்றது, கொடியதுங்கூட என்றும் கண்டார். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் இறந்த குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011இலும், கணக்கில் வராதோர் 70,000க்கு மேல் என்று அச்சபையின் உள்ளக மீளாய்வு 2012இலும் குறிப்பிட்டன. படையினரிடம் கையளித்த பிள்ளையைத் தேடும் தாய்மார் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய அறப்போராட்டம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வந்திருக்கிறது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்கச் சட்டம் 2016இல் வழிசெய்த பின்னும், பலர் எந்தச் சான்றிதழையும் பெற மறுக்கின்றனர். முகர்ஜியின் கதையில் கையொப்பமிட மறுத்த முதிய தம்பதியரை இவர்களோடு வைத்துப் பாருங்கள். மறுப்பு என்னும் முதற்படியில் தேங்கி நிற்பவர்கள் என்று பாடநூல் இவர்களைச் சொல்லும். விடை தர வேண்டியவர்கள் விடை தராதிருக்க, விடை பெற்றதுபோல் நடிக்க மறுக்கும் நேர்மை அது என்று நான் சொல்வேன். இத்தாய்மாரின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். திவசம் செய்வதா, விளக்கேற்றுவதா, ஒன்றும் செய்யாதிருப்பதா என்று ஆண்டுதோறும் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

தனித்தனியாகச் செய்ய முடியாததைக் கூடிச் செய்யும் முயற்சியும் இந்நகரில் நடந்திருக்கிறது. 2009 ஜனவரியில் நகர மையத்தில் மனிதச் சங்கிலி நின்றது. மே 10ஆம் தேதி கார்டினர் நெடுஞ்சாலையிற் குழந்தைகளோடும் முதியவரோடும் மக்கள் இறங்கி அமர்ந்தனர். போக்குவரத்து இடையூறு பற்றி அன்று இந்நகரத்தார் பலர் பேசினர். அங்கே அமர்ந்திருந்தவர்களோ அந்த நேரத்திலேயே உற்றாரை இழந்துகொண்டிருந்தவர்கள். பின்னர் ஆண்டுதோறும் மே 18இல் உப்பும் அரிசியுமான முள்ளிவாய்க்காற் கஞ்சி பகிரப்படுகிறது; அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் 2022இல் ஒருமனதாக ஏற்றது. 2025 மே 10இல் பிரம்டன் நகரின் சிங்குவாகூசிப் பூங்காவில் ஒரு நினைவுத் தூபி திறக்கப்பட்டது. இறந்த வீரனுக்குக் கல் நாட்டுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. கல்லைக் கண்டெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அங்கே ஒவ்வொன்றும் ஊர் கூடிச் செய்யும் தொழில். சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டம் அந்த ஒழுங்கிலேயே நடக்கிறது. உடல் கிடையாத இடத்தில் கல் உடலாகிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பிரம்டன் பூங்காவிற் பூ வைத்துவிட்டு நிற்பவர்களுக்கும் அதை எவரும் விளக்கவேண்டியதில்லை. கூட்டு நினைவு தனித் துக்கத்தை முழுவதும் ஆற்றிவிடும் என்று எண்ணுவது மட்டும் பிழை. மே 18 ஒரு நாள். மகனில்லாத வீட்டுக்கு ஆண்டில் எல்லா நாளும் நாளே.

எந்தத் துக்கம் நோயாகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது நெடுந்துக்கக் கோளாறு என்பது அதில் இடம்பெற்றது. ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்வையே முடக்கி, அவரவர் சமூக, சமய வழக்கங்கள் எதிர்பார்க்கும் அளவையும் மீறி நிற்பதே அதன் லட்சணம். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேடு அதே ஆண்டில் ஓராண்டு என்று எல்லை வைத்தது. அழுகையை நோயாக்குகிறார்கள் என்ற ஆட்சேபம் எழுந்தது நியாயமே. ஆனால் வழக்கத்தின் அளவு என்று மருத்துவ நூலே சொல்லும்போது, அந்த அளவை அறியாத மருத்துவர் எப்படித் தீர்ப்பளிப்பார் என்பதுதான் என்னை உறுத்தும் வினா. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இயற்கையான சாவுகளால் உற்றாரை இழந்தவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே துக்கம் இவ்வாறு நோயாக நிலைக்கிறது. கொலை, விபத்து, போர் முதலியவற்றால் இழந்தவரிடையே அது ஏறத்தாழப் பாதியாக உயர்கிறது என்று 2020இன் ஆய்வொன்று காட்டியது. நம் சமூகம் எந்தக் கணக்கிற் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை. ரொறன்ரோத் தமிழரை ஆராய்ந்து மார்டன் பைசரும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, நூற்றுக்குப் பன்னிருவர் போர் அநுபவத்தின் மனவடு நோயால் அவதிப்பட்டனர் என்றும், அவர்களுள்ளும் பத்தில் ஒருவரே சிகிச்சையை நாடினர் என்றும் கூறியது. சிகிச்சை இல்லாமலில்லை: நியூயார்க்கின் கேத்தரின் ஷியர் வகுத்த பதினாறு அமர்வுச் சிகிச்சை, வழக்கமான உளச்சிகிச்சையைக் காட்டிலும் கூடுதலானோருக்குப் பயன்பட்டதென்று 2005இல் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்தில் போர் நடுவே உழைத்த மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம், கிராமத்தின் சடங்குகளையும் ஒன்றுகூடல்களையும் மீட்பதும் சிகிச்சையின் பகுதியே என்று பல்லாண்டாக எழுதி வந்தவர். மருத்துவரும் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும், கோயிலாரும் கேட்கவேண்டும்.

ஆகவே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். மரணச்சாலையில் முகங்காட்டுவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாதீர்கள். எல்லாரும் கலைந்துபோன மூன்றாம் மாதத்தில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தோடு செல்லுங்கள். அழாதே என்று சொல்லாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிக் கேளுங்கள். குழந்தையிடம் அப்பா தூங்குகிறார் என்று சொன்னால் அது தூங்கவே அஞ்சும். இறந்துவிட்டார் என்றே, மடியில் வைத்துச் சொல்லுங்கள். கல்வெட்டு அச்சிடுகிறவர்கள் கூலிப் பாட்டை விட்டு, பேரப்பிள்ளை ஆங்கிலத்திற் சொன்னாலும் அதைக் கேட்டு அவரவர் வார்த்தையிலே எழுதிச் சேர்த்து, ஒரு பிரதியை நூலகத்துக்கும் கொடுங்கள். காணாமற்போனவருக்கு விளக்கேற்றுவதா என்பதில் ஒரு குடும்பத்துக்குள் இரண்டு கருத்திருந்தால் இரண்டையும் விட்டுவையுங்கள். உண்ணாமலும் உறங்காமலும் மாதங்கள் கழிந்தாலும், போனவரோடு தானும் போய்விடவேண்டும் என்ற பேச்சு வந்தாலும், குடும்ப மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். நாடு முழுவதும் எந்நேரமும் 988 என்னும் இலக்கத்தில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ உதவி கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் துணையோடு உள்ளூர்ச் சேவைகளை அறிய 211 உண்டு. தமிழ்ப்பேச்சுள்ள துக்கத் துணைக்குழு ஒன்றை, மாதம் ஒருமுறையேனும், தம் மண்டபத்தில் நடத்த ஒவ்வொரு பெரிய கோயிலும் தேவாலயமும் முன்வரலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த 104ஆம் இலக்க மசோதாவை 2021இல் நிறைவேற்றி, மே 12 முதல் 18 வரை ஏழு நாள்களைத் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமாக ஒதுக்கியது இதே ஒன்ராறியோச் சட்டமன்றம். ஒரு சமூகத்தின் துக்கத்துக்கு ஏழு நாளை அங்கீகரித்த மன்றம், தாயை இழந்த தொழிலாளிக்கு ஊதியமற்ற இரண்டு நாளே போதும் என்று விட்டிருப்பது பொருந்தாது. குறைந்தபட்சம் மத்திய சட்டம் தரும் பத்து நாளையாவது மாகாணமும் தரவேண்டும். மாமனும் சித்தியும் உறவுப்பட்டியலில் ஏறவேண்டும். இது தமிழர் மாத்திரம் கேட்பதற்குரியதன்று; சீக்கியரும் சீனரும் கரீபியரும் யூதரும் நம்மோடு சேர்ந்து கேட்பர். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யாராயினும், அவருக்கு இதை எழுதுங்கள்.